யாரும் ஏலம் கேட்காத குலை

அன்புள்ள அத்தானுக்கு,

பெமிலா எழுதுவது. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபிக்கிறேன். இந்த வாரம் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு ஜெபிக்கிறேன். அதுவும் மேலே போய்ச் சேரும் என்றுதான் நம்புகிறேன்.

லீவு முடிந்து, உங்கள் கேம்பில் இருக்கிற ரிஜோ கல்ஃபுக்கு, சோகாருக்குத் திரும்புகிறான். அவன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். இதையெல்லாம் போனில் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் டூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. மடித்துப் பெட்டியில் போட்டாலும் உள்ளே நான் பேசிக்கொண்டேதான் இருப்பேன்.

வீட்டுச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெனிஷாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, மார்த்தாண்டம் கல்லூரிக்குப் போய்வருகிறாள். மழை விடாததால் ரப்பர் வெட்டிப் பால் எடுப்பது நின்று கிடக்கிறது. அடுக்களைச் சுவரில் ஒரு கீறல் விழுந்திருக்கிறது, நீங்கள் போன தடவை வந்தபோது அது இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் சுந்தரராஜின் குவாரியில் வெடி வைக்கும்போது இங்கே அலமாரியில் பாத்திரமெல்லாம் ஆடுகிறது.

அந்தப் பக்கத்து வெடிக்கே இப்படி. இனி நம் தலைக்கு மேலே நிற்கிற இந்தப் பக்கத்தையும் உடைக்க அவனுக்கு உத்தரவு கிடைத்துவிட்டது. லாரி ஏறி இறங்கத் தடம் மட்டும்தான் இல்லை. தடம் போடுவதென்றால் நம்முடைய மேலவிளை ரப்பர் தோட்டம் வழியாகத்தான் போட வேண்டும். இது அவனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். மேலவிளை எங்கள் அப்பா எனக்கென்று தந்தது. மருமகன் பெயரில் எழுதினால்தான் மரியாதை என்று சொல்லி உங்கள் பெயரில் எழுதினார். அப்போது நானும் தலையை ஆட்டிக்கொண்டுதான் நின்றேன்.

இனி பண்டிகைக் காரியத்துக்கு வருகிறேன்.

நாங்கள் பெண்கள் மனு எழுதி எத்தனை ஆபீசுக்கு அலைந்தோம் என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு இடத்திலும் மனுவை வாங்கிக்கொண்டு ரசீது தந்தார்கள். ஒரு இடத்திலாவது முகத்தை நிமிர்த்திப் பார்த்திருப்பார்களா? இல்லை. இந்த அழகில் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை பெண்கள் சங்கம் கூடினோம். பல்கீஸ் பீவியும் வந்திருந்தாள். மலையடிவாரத்தில் அவள் வீட்டுச் சுவர் ஏற்கெனவே பிளந்து கிடக்கிறது, அதனால் நம் கோவிலைச் சேர்ந்தவள் இல்லையென்றாலும் எங்கள் கூட்டம் ஒன்றுக்கும் தப்ப மாட்டாள். அவள்தான் சொன்னாள்: 'அவனுக்கு ரூவா கெடக்கு மக்கா. பத்தாம கெடக்கது மரியாதைதான். அதை வருசா வருசம் நீங்களே பந்தல் போட்டுக் குடுக்கிய. இந்த வருசம் குடுக்காதீங்க, பாப்போம்.'

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் சுந்தரராஜின் ஏத்தன் வாழைக்குலைக்கு நடக்கிற கூத்து உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ஆளுயரக் குலையை வெள்ளை வேட்டியோடு தானே சுமந்து வருவான். குவாரியில் வேலை செய்கிறவன், லாரி ஓட்டுகிறவன், காண்டிராக்ட் எடுக்கிறவன் எல்லாரும் அவன் கண்ணில் படுகிற மாதிரி எழுந்து நின்று போட்டி போட்டுக் கேட்பார்கள். விலை ஏற ஏற அவன் தலை ஆடும். சபைக்குக் காணிக்கையாக வந்த பொருள் முட்டையோ முருங்கைக்காயோ, ஏலம் போகாமல் திரும்பினது இல்லை. அப்படித் திரும்பினால் அதைக் கொண்டுவந்தவன் அடுத்த ஞாயிறு கோவிலுக்கு எந்த முகத்தோடு வருவான்? அதனால் அவன் குலையை யாரும் கேட்கக் கூடாது என்று பேசி முடித்தோம். அவரவர் வீட்டு ஆண்களிடம் வாக்கு வாங்கினோம். ஜெயபாய் அக்கா வீடு வீடாக ஏறி இறங்கினாள். குவாரியில் வேலை செய்கிறவர்களிடம்கூட கேட்டாள். ஏலம் கேட்காததற்காக வேலையை விட்டு நிறுத்த முடியாது என்று சொல்லி அவர்களையும் சம்மதிக்க வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பந்தலில் ஏலம் தொடங்கியது. கோழி போனது, சக்கைப்பழம் போனது, என் மரச்சீனிக் கிழங்குக் கட்டும் போனது. பிறகு அந்தக் குலை வந்தது. சபைச் செயலர் ராஜையன் மைக்கைப் பிடித்து, யார் தொடங்கப் போகிறது என்று கேட்டார். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அவர் முதலில் சிரித்தார். மைக் வேலை செய்யவில்லையோ என்று தட்டிப் பார்த்தார். பிறகு அவருக்கு வேர்த்துவிட்டது. 'ஏதாவது கேளுங்க மக்கா, ஆண்டவருக்க காரியமில்லியா' என்று கெஞ்சினார். போதகர் பைபிளை விரித்து வைத்துக்கொண்டு அதில் எதையோ தேடினார்.

அத்தான், நான் பிறந்த நாளிலிருந்து சுந்தரராஜ் தரையைப் பார்த்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தான். அவன் பெண்டாட்டி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். என் பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்தாள். இத்தனை மனு கொடுத்து ஆகாத காரியம் இப்போது ஆகப் போகிறது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போகப் போகிறான் என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் சுந்தரராஜின் ஆள் ரெனிஷ் போனைத் தூக்கிக்கொண்டு மைக் பக்கம் ஓடினான். கல்ஃபிலிருந்து ஏலம் கேட்பது நம் சபையில் புதிதில்லை, ஆனால் யார் என்று பார்த்தால் உங்கள் குரல்! ஸ்பீக்கரில் ஊர் முழுக்கக் கேட்டது. 'ஷாஜன் கேக்குதேன்' என்று சொல்லி, ஒரு குலைக்கு அந்தப் பந்தலில் யாரும் இதுவரை கேட்காத தொகையைச் சொன்னீர்கள். ராஜையன் ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். சுந்தரராஜ் நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தான். சிரித்தான்.

வெட்கம் கெட்ட வேலை செய்துவிட்டீர்கள். இதை எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு ஆறாது.

அன்றைக்கே கோவில் வாசலில் வைத்து ஜெயபாய் அக்கா கேட்டாள்: 'ஏட்டி, உனக்க மாப்பிள கேட்டது குலையையா, நம்ம மலையையா? இஞ்ச எங்ககூட இருந்துகிட்டு அங்க வெலை பேசினியா?' நான் சொன்ன பதில் யார் காதிலும் ஏறவில்லை. இப்போது பைப்படியில் நான் குடத்தை வைத்தால் பேச்சு நின்றுவிடுகிறது. குலையை ரெனிஷ் கொண்டுவந்து நம் வராந்தாவில் கட்டித் தொங்கவிட்டுப் போனான். பழுத்துக் கருத்துக் கிடக்கிறது. நானும் தொடவில்லை, மகளும் தொடவில்லை.

உங்களுக்கு வேலை வாங்கித் தந்தது சுந்தரராஜின் மச்சான் என்பது எனக்கும் தெரியும். அதற்காக ஊரை விற்பதா? உடனே சுந்தரராஜைக் கூப்பிட்டு, மேலவிளையில் தடம் தர மாட்டேன் என்று சொல்லுங்கள். ஒரே ஒரு வாக்கியம்தான். ஏலம் கேட்க வந்த வாய்க்கு இதுவும் வரும்.

ரிஜோ கையில் ஏத்தங்காய் வற்றல் கொடுத்திருக்கிறேன். நம் விளையில் காய்த்த காயில் போட்டது, தைரியமாகத் தின்னலாம்.

கர்த்தர் உங்களுக்கு நல்ல புத்தியைத் தரட்டும்.

உங்கள் மனைவி,
பெமிலா


பெமிலாவுக்கு,

ஷாஜன் எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. ரிஜோ அதைக் கேம்பில் எல்லார் முன்னாலும் வைத்துத்தான் தந்தான். வீட்டிலிருந்து காதல் கடிதம் வந்திருக்கிறது என்று சிரித்தார்கள். படித்துவிட்டுக் குளியலறையில் போய் நின்றேன். புருஷனுக்கு இப்படியும் ஒரு பெண்பிள்ளை எழுதுவாளா?

நீங்கள் நாலு பெண்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் குவாரி நின்றுவிடுமா? இன்றைக்குத் தலை குனிந்தவன் நாளைக்கு நிமிர்ந்துவிடுவான். எல்லாக் கட்சிக்காரனும் அவன் வீட்டுப் பந்தியில் கை நனைத்தவன்தான். ஓட்டுக் கேட்டு வரும்போது மலையைக் காப்போம் என்பான், ஜெயித்த மறுநாள் அவனுடைய காரில்தான் போவான். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று உங்கள் சங்கத்தில் சொல்லிக்கொள்வீர்கள். சுந்தரராஜ் ஒருத்தன் மலையையே நகர்த்தி டாரஸ் லாரியில் ஏற்றி எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்புகிறான். நீங்கள் அம்மிக்குப் பக்கத்திலேயே இருங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். நம் வீட்டுத் தளம் எதில் போட்டது? அவனுடைய கிரஷரில் அரைத்த எம்-சாண்ட் மணலில்தானே? ஜெயபாய் அக்கா மாடி எடுத்தாளே, அந்த ஜல்லி வானத்திலிருந்தா விழுந்தது? கோவில் கோபுரம் யார் கல்லில் நிற்கிறது? வீடு கட்டும்போது இனித்தது, இப்போது கசக்கிறதா? சாதாரண சனம் உலகத்தை மாற்றும் என்பதெல்லாம் மேடையில் பேசக் கொள்ளாம். சாதாரண சனத்துக்கு வீடு வேண்டும், கல்யாணம் நடத்த வேண்டும், பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டும். அதற்கு யார் கல் தருகிறானோ, யார் வேலை தருகிறானோ அவன் பக்கம்தான் சாயும். நானும் சாய்ந்தேன். உன் அப்பாவும் அவர் காலத்தில் சாய்ந்தவர்தான்.

இங்கே நான் என்ன வேலை செய்கிறேன் என்று நினைத்தாய்? இதுவும் பாறை உடைக்கிற சைட்தான். ராத்திரி இருமினால் சாம்பல் நிறத்தில் வருகிறது. இந்த ஊர்க்காரனும் ஒரு நாள் நடு ரோட்டில் உட்கார்ந்து எங்களை நிறுத்தியிருந்தால் ஜெனிஷாவுக்குக் கல்லூரி ஏது?

ஏலத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். சுந்தரராஜின் மச்சான் சொல்லி, மேனேஜர் என்னை ஆபீசில் கூப்பிட்டு வைத்து, போனை எடுத்துக் கையில் தந்தான். எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே நின்றுகொண்டு வேறு என்ன பேச முடியும்? என் சம்பளம், என் வாய், நான் கேட்டேன். அவ்வளவுதான்.

தடம் தருவதாக சுந்தரராஜிடம் சொல்லிவிட்டேன். ரப்பர் மரத்தைப் பிடுங்க ஜேசிபி வரும். நீ குறுக்கே போய் நிற்காதே. விளை என் பெயரில் இருக்கிறது என்பதை நீயே எழுதியிருக்கிறாய், மறந்துவிடாதே.

மகளை நன்றாகப் பார்த்துக்கொள். வற்றல் தின்றேன், நன்றாக இருந்தது.

ஷாஜன்


அன்புள்ள அத்தானுக்கு,

இந்தக் கடிதம் உங்கள் கையில் கிடைக்கும்போது நீங்கள் திருவனந்தபுரம் விமான நிலைய வாசலில் நிற்பீர்கள். கொண்டுவந்து தந்தது யார் என்று நிமிர்ந்து பாருங்கள், நம் மகள்தான். நீங்கள் பார்த்ததைவிட உயரமாகிவிட்டாள். முதலில் அவளைக் கட்டிப்பிடித்துவிட்டுப் பிறகு படியுங்கள்.

படித்துக்கொண்டே கோபப்படுவீர்கள் என்று தெரியும். படுங்கள். என் கோபமும் தீரவில்லை.

ஜேசிபி வந்த அன்றைக்கு நான் மேலவிளைக்குத் தனியாகத்தான் போனேன். யாரைக் கூப்பிட? யார் வருவார்கள்? முதல் வரிசை ரப்பர் மரத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். ஓட்டுகிறவன் வெளியூர்க்காரன். என்ஜினை நிறுத்திவிட்டு, எழும்புங்கக்கா, எனக்குப் பொழப்பு கெடுது என்றான். எழும்பினால் எனக்கு வீடு கெடும் என்றேன். ரெனிஷ் வந்து சத்தம் போட்டான். சுந்தரராஜ் காரை விட்டு இறங்காமலே, பெண்பிள்ளைக்குப் பைத்தியம், மாப்பிள்ளை பக்கத்தில் இல்லாத குறை என்று சொன்னான். இதை உங்களுக்கு எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். நீங்கள் யாருக்காக ஏலம் கேட்டீர்களோ அவன் உங்கள் பெண்டாட்டியைப் பற்றி ஊர் நடுவில் என்ன சொன்னான் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா?

அந்தப் பேச்சு அடிவாரம் வரைக்கும் கேட்டிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் ஜெயபாய் அக்கா ஏறி வந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். அவள் பின்னால் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். பல்கீஸ் பீவி பெரிய பாத்திரத்தில் பால் விடாத கட்டஞ்சாயா கொண்டுவந்தாள். எல்லாருக்கும் ஊற்றிவிட்டு, 'ஜெயபாயே, இவகூட பேசாண்டாம், ஆனா குடிச்ச கிளாசைக் கையில குடு' என்றாள். அக்கா கிளாசை என் பக்கம் நீட்டினாள், அப்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்னும் பேசவில்லை. தினமும் வந்து உட்காருகிறாள்.

போலீஸ் வந்தது. விளைக்குச் சொந்தக்காரர் சம்மதித்திருக்கிறாரே என்றார்கள். சொந்தக்காரர் என் புருஷன்தான், நான் என் வீட்டு விளையில்தான் உட்கார்ந்திருக்கிறேன், கேஸ் போடுவதென்றால் போடுங்கள் என்றேன். இன்ஸ்பெக்டர் சுந்தரராஜைத் தனியே கூட்டிப்போய்ப் பேசினார். திரும்பி வந்து, இது குடும்பக் காரியம், மாப்பிள்ளை நேரில் வந்து சொல்லட்டும், அதுவரை மரத்தைத் தொட வேண்டாம் என்றார். மறுநாளே உங்களுக்கு லீவு கிடைத்தது. மூன்று வருஷமாகக் கேட்டும் கிடைக்காத லீவு! டிக்கெட்டும் சுந்தரராஜே எடுத்துத் தந்தான். எதற்கு என்று நீங்கள் புரிந்துகொண்டிருப்பீர்கள். உங்களைக் கையெழுத்துப் போட மட்டும் கூப்பிடவில்லை. பெண்போலீசைக் கூட்டிவந்தால் படம் எடுப்பார்கள், செய்தியில் வரும். புருஷன் வந்து பெண்டாட்டியின் கையைப் பிடித்து எழுப்பினால் யார் கேட்கப் போகிறார்கள்?

வீட்டுத் தளம் எதில் போட்டது என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த அன்றைக்கு அடுக்களையில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆமாம், அவனுடைய எம்-சாண்ட்தான். ஜெயபாய் அக்காவிடமும் போய்ச் சொன்னேன். அவள் மாடியை அண்ணாந்து பார்த்தாள். இப்போதும் என்னிடம் முழுப் பதில் இல்லை. வீடு கட்டக் கல் வேண்டும்தான். அதற்காகப் பால் கறக்கிறவன் மடியை அறுப்பானா? ஊருக்கு வேண்டிய கல்லை எடுத்தபோது யாரும் குறுக்கே படுக்கவில்லை. மலையே இல்லாமல் ஆகிற அளவுக்கு எடுக்கிறபோதுதான் படுக்கிறோம்.

எங்களால் ஆட்சி மாறும் என்று நான் சொல்லவில்லை. கட்சிக்காரன் யோக்கியனாகிவிடுவான் என்றும் சொல்லவில்லை. இந்தத் தடம் கிடைக்காவிட்டால் அவன் வேறொரு மலைக்குப் போவான், அங்கே வேறொருத்தி உட்கார வேண்டியிருக்கும். அவள் உட்காருவாளா என்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: எங்கள் சனம் ஒன்றுக்கும் ஆகாது என்றால் உங்களுக்கு எதற்கு டிக்கெட் எடுத்துத் தர வேண்டும்? ஒரு ரப்பர் மரத்தைக்கூட பிடுங்க முடியாமல்தானே சோகாரிலிருந்து ஆள் வரவழைக்கிறான்?

உங்கள் கடிதத்தில் இருந்த வசவையெல்லாம் ஒரு தடவைதான் படித்தேன். மேனேஜர் எதிரே உட்கார்ந்து உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான் என்று எழுதியிருந்தீர்களே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். சாம்பல் நிறத்தில் இருமல் வருகிறது என்பதையும் படித்தேன். இதையெல்லாம் போனில் ஏன் சொல்லவில்லை? நான் திட்டுவேன் என்றா? திட்டியிருப்பேன்தான். திட்டிவிட்டு அன்றைக்கே வரச் சொல்லியிருப்பேன்.

இப்போது வெளியே சுந்தரராஜின் டிரைவர் உங்கள் பெயர் எழுதின அட்டையோடு நிற்பான். அந்தக் கார் உங்களை வீட்டு வாசலில் இறக்காது. நேரே மேலவிளைக்குத்தான் கொண்டுவரும். நாங்கள் அங்கேதான் இருப்போம். போலீஸ் சொன்னால் நான் எழும்ப மாட்டேன். சுந்தரராஜ் சொன்னால் எழும்ப மாட்டேன். போதகர் வந்து ஜெபித்துச் சொன்னாலும் எழும்ப மாட்டேன். நீங்கள் சொன்னால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன், சொல்லாதீர்கள்.

அந்தக் காரில் ஏறாமல் ஜெனிஷாவோடு தம்பானூர் பஸ் ஸ்டாண்டு போய் நாகர்கோவில் பஸ் ஏறுங்கள், தக்கலையில் இறங்கி ஆட்டோ பிடித்து வந்துவிடலாம். வேலை போனால் போகட்டும். இருக்கிற ரப்பரை வெட்டிப் பிழைப்போம், இருமலுக்கு நல்ல டாக்டராகப் பார்ப்போம். அடுக்களையில் சோறும் மீன்குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். நான் விளையிலிருந்து வர நேரமாகும், நீங்கள் எடுத்துப் போட்டுச் சாப்பிடுங்கள்.

கர்த்தர் உங்களைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்,
பெமிலா